அளவுச் சட்டை கேட்காதவள்

என் அண்ணன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அவனைத் திட்டும்போது என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நல்லவன்தான், ஆனால் யாரையும் கேட்காமல் நல்லது செய்கிற ரகம். அந்த ரகத்திடம் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

நான் தையல்காரி. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, அதுதான் என் கடை. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே பாட்டு. கடையை மூடிவிட்டு அவன் வீட்டு மேல் அறைக்கு நான் வந்துவிட வேண்டும். அண்ணி வேலைக்குப் போகிறாள், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், தங்கச்சி சும்மாதானே இருக்கிறாள். நான் சும்மா இருக்கிறேனாம்!

என்னிடம் ஒரு பழைய பட்டன் ஃபோன் இருந்தது. என் அளவு நோட்டே அதுதான். வாடிக்கையாளரின் நம்பரைப் போடும்போது பெயரோடு அளவையும் சேர்த்தே போட்டுவிடுவேன். 'டீச்சர் 36 32 தோள் 14 இடது இறக்கம்'. மணி அடித்தால் ஆளும் அளவும் சேர்ந்தே திரையில் வரும். "சொல்லுங்க டீச்சர், அந்த இடது தோளை நான் பாத்துக்கறேன்" என்பேன், அவர் அசந்துபோவார். சிம்மில் போட்டால் நீளமான பெயரைப் பாதியில் வெட்டிவிடும் என்பதால் எல்லாமே ஃபோனுக்குள்ளேதான். முந்நூற்று நாற்பது பேர். மற்ற தையல்காரர்கள் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தான். சார்ஜே நிற்கவில்லை, பார்த்துத் தருகிறேன் என்று ஃபோனை எடுத்துப் போனான். மறுநாள் புத்தம்புதிய ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றை என் மேசைமேல் வைத்தான்.

"பழசு எங்கண்ணே?"

"எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டேன். நம்ம ஆளுங்க நம்பரை நானே உக்காந்து இதுல ஏத்திட்டேன். மொத்தம் பதினொண்ணு."

"மீதி?"

"மீதி என்ன மீதி? முப்பத்தாறு, முப்பத்திரண்டுன்னு ஒரே குப்பை. எல்லாத்தையும் விட்டுட்டேன். இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

"ஐயோ, அது என் கஸ்டமருங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் ஒரு நொடி வாடியது. அப்போது வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் மன்னித்திருப்பேன். போகவில்லை.

"சரி விடு, இதுவும் நல்லதுக்குத்தான். இனிமே எதுக்கு உனக்குக் கடை? மேல் ரூமை காலி பண்ணி வெச்சிருக்கேன். மாசக் கடைசியில வந்து கடைச் சாவியை வாங்கிக்கறேன்."

ஃபோன் கடைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் அழித்து, வண்டியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். என் ஃபோனைக் கொடுத்ததற்குக் கையெழுத்து அண்ணனுடையது.

திங்கட்கிழமை தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரி தலைமை நர்ஸ். வருஷா வருஷம் அங்கே இருபத்திரண்டு பேருக்கும் யூனிஃபார்ம் தைப்பவள் நான். அந்த ஒரு வேலைதான் என் கடையைத் தாங்குகிறது. அது கைவிட்டுப் போனால் மேல் அறைதான் கதி.

"துணி வந்தாச்சும்மா. ரெடிமேடா வாங்கிடலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. உங்ககிட்டதான் அளவெல்லாம் இருக்கேன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன்."

பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "அளவு இல்ல சிஸ்டர், எல்லாம் போச்சு. ஆனா ரெடிமேட்காரன் உங்க வார்டுக்கே வந்து அளவெடுப்பானா? நான் வரேன். புதன்கிழமை ரெண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறுறப்போ."

"அரை மணியில இருபத்திரண்டு பேரையா?"

"நீங்க நிக்க வைங்க. நான் பாத்துக்கறேன்."

வீராப்பாகப் பேசிவிட்டேன். ஆனால் இந்தப் புது ஃபோன் என்னை மதித்தால்தானே! ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் என்னுடையது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுந்தது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் மணி அடித்தால் நோட்டா வந்து பேசும்? செவ்வாய்க்கிழமை பொறுமை போய், "நாசமாப் போறவனே, உன்னைத் தூக்கிச் சாக்கடையில போடறேன்" என்று ஃபோனைத் திட்டினேன். திட்டியது அப்படியே திரையில் எழுத்தாக நின்றது. அதற்கு முன் என் விரல் எங்கே பட்டது என்று தேடினேன், மைக் படம். அப்படி வா வழிக்கு!

புதன்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரோரமாக இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். நான் கழுத்தில் டேப்போடு ஒவ்வொருவராக அளந்து ஃபோனிடம் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டது.

"அக்கா, மெதுவா சொல்லுங்க, டாக்டருக்குக் கேக்கப் போகுது!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஃபோனை வாயோடு ஒட்டிவைத்து ரகசியம் போலச் சொன்னேன். ரகசியத்தையும் அது சரியாகவே எழுதியது.

பதினேழாவது ஆளின் தோளில் டேப்பை வைத்திருந்தபோது ஃபோன் அடித்தது. திரை முழுக்க அண்ணன் முகம், கீழே 'அன்பு அண்ணன்'. பெயரை அவனே போட்டுக்கொண்டிருக்கிறான்! கட் பண்ணிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. துணி மூட்டை அன்று சாயங்காலமே என் மாடிக்கு வந்துவிட்டது.

மூட்டைக்குப் பின்னாலேயே அண்ணனும் ஏறி வந்தான், மூச்சு வாங்க.

"ஃபோனை ஏன் எடுக்கலை? மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு இழுக்கணும், சாவியைக் கொடு" என்று கையை நீட்டினான்.

"ரெண்டு கையையும் தூக்குண்ணே."

நான் தையல் கற்ற நாளிலிருந்து நான் தைத்த சட்டையே போட்டவன். பழக்க தோஷத்தில் தூக்கிவிட்டான். மார்பு, வயிறு, தோள், கை என்று ஒன்றையும் விடாமல் அளந்தேன். அவன் முன்னாலேயே 'அன்பு' என்பதை அழித்துவிட்டு ஃபோனிடம் சொன்னேன். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

'அண்ணன் 42 வயிறு 45 தோள் 18 கை 24'.

"என்னடி இது?"

"என் ஃபோன்ல எல்லாரும் இப்படித்தாண்ணே இருப்பாங்க. சட்டை வேணும்னா ஃபோன் பண்ணிட்டு வா, நல்லா தைச்சுத் தரேன். சாவிக்கு வராதே."

கதவைத் திறந்து வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு செட் தைக்க வேண்டும், எனக்கு எங்கே நேரம்!