கிரேன் கூண்டில் மடங்கிய கால்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளுக்குப் பெயர் மேலக்கா. காலை ஏழு மணிக்கு நூற்றைம்பது படி ஏறிக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மாலைவரை இறங்கமாட்டாள். சாப்பாடும் அங்கேதான். நிமிர்ந்தால் தலை இடிக்கும், காலை நீட்டினால் கண்ணாடி இடிக்கும். வயது நாற்பத்தாறு. இரண்டு வருஷமாக இறங்கும்போதெல்லாம் முழங்கால் கரகரத்தது.

தங்கை ஆஸ்பத்திரியில் மூட்டுப் பயிற்சி கொடுப்பவள். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு, அழுத்தி விட்டால்தான் உறிஞ்சும், அசையாமல் கிடந்தால் திரவமும் கெட்டிப்படும் என்று விளக்கினாள்.

"எந்திரிச்சதும் பாரத்தைப் போடாதேக்கா. முதல்ல சும்மா ஆட்டு, சூடாகட்டும்."

"ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணலாம். எனக்கு நெஜமாவே கோணல்டி" என்று மேலக்கா சிரித்தாள்.

ஒரு பிற்பகல் திடீரென்று காற்று எழுந்தது. உடனே இறங்கச் சொல்லி ரேடியோவில் மேஸ்திரி கத்தினார். கொக்கியை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். முதல் படியில் ஊன்றியதுமே இடது கால் மடங்கிற்று. கம்பியில் தொங்கி, எப்படியோ திரும்பிக் கூண்டுக்குள் விழுந்தாள்.

கூண்டு ஆடியது. ஏறிவந்து தூக்கிப்போக யாராலும் முடியாது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இறங்குறீங்களா இல்லையாக்கா?" என்று ரேடியோவில் மேஸ்திரி மறுபடி கத்தினார்.

"கால் வந்தாத்தான் நான் வரமுடியும்" என்று சொல்லி ரேடியோவைக் கீழே வைத்தாள்.

திறந்த கதவு வழியாக ஒரு காலை வெளியே நீட்டி மெல்ல ஆட்டினாள். நூற்றைம்பது அடிக்குக் கீழே மனிதர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். முதலில் உள்ளே கல் உரசுவதுபோல் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பதுவரை எண்ணினாள்; பிறகு அடுத்த கால். மறுபடி முதல் கால். மூன்றாம் சுற்றில் கரகரப்பு தணிந்தது. உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்தி விட்டாள். பிறகுதான் எழுந்தாள்.

பாதி ஏணியில் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்து இறங்கினாள். கீழே மேஸ்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வேண்டும் என்று இன்ஜினியரிடம் கேட்டாள். உன் முட்டிக்காக மொத்த வேலையும் நிற்கணுமா என்றார் அவர். மேலக்கா ஏணியில் ஏறிப்போனாள்.

எட்டு மணிக்கு, கொக்கி காலியாக இருந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து காலை வெளியே விட்டாள். ரேடியோ கூப்பிட்டது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.