ஒரே கீபோர்டு

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் இரண்டு; கீபோர்டும் மவுசும் ஒன்றே ஒன்று. கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? இடது திரையில் கொழுந்து அரைக்கும் ரோலரை ஓட்டுவதும் நிறுத்துவதும், வலது திரையில் ஆபீஸ் வேலை. மவுசை எந்தத் திரைக்குத் தள்ளுகிறோமோ, கீபோர்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். “ரெண்டு எதுக்கு? உனக்கு இருக்கிறது ஒரு ஜோடிக் கைதானே” என்று மேனேஜர் சொன்னபோது, இரண்டையும் பார்த்துக்கொள்ளும் சித்ராவும் சிரித்தவள்தான்.

ரோலரைச் சுத்தம் செய்வது அவள் புருஷன் வீரபாண்டி. முன்பெல்லாம் ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மிஷினுக்குள் கை விடுவான். அப்படிப் பிடுங்கினால் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைகிறது, வேலை கெடுகிறது என்று மேனேஜர் அதற்குத் தடை போட்டுவிட்டார்.

அன்று காலை வீரபாண்டி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

“ஏ புள்ள, நிறுத்திட்டியா?”

“நிறுத்தியாச்சுங்க. போங்க.”

இடது திரையில் ‘மறுபடி ஓட்டவா?’ என்ற கேள்வி வழக்கம்போல் வந்து நின்றது; என்டரைத் தட்டினால் ஓடிவிடும். அந்நேரம் பார்த்தா மேனேஜர் வரவேண்டும்! ஆள் கணக்கை உடனே மெயிலில் அனுப்பச் சொல்லித் தலைக்கு மேல் நின்றார். அவள் மவுசை வலது பக்கம் தள்ளிக் கணக்கை அடித்தாள். அவர் மேசையைத் தட்டி விரட்டியதில் அவள் பதற, முழங்கை மவுசில் இடித்தது. அம்புக்குறி இடது திரைக்கு நழுவியதை அவள் பார்க்கவில்லை. என்டரைத் தட்டினாள்.

ரோலர் உறுமியது. கூடவே எழுந்த அலறல் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரிக்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆன்மேரி வந்தார். மேசையில் இரண்டு கீபோர்டு! இத்தனை மாதம் வராத சனியன் ஒரே ராத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தது. “உன் கவனக்குறைவுன்னு சொல்லிடு. இல்லேன்னா எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணு” என்று மேனேஜர் முன்கூட்டியே மிரட்டியிருந்தார்.

“தனித்தனியாத்தானே இருக்கு, பின்னே எப்படி மாறிச்சு?” என்று ஆன்மேரி கேட்டார்.

சித்ரா புதுக் கீபோர்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை.

“இது நேத்து இங்க இல்ல மேடம். ரெண்டுக்கும் அந்தப் பழசு ஒண்ணுதான். வீடு போனா போகட்டும்.”

மேனேஜர் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரணையில் நடந்ததைச் சொன்னாள். வீரபாண்டி கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

“அப்ப பட்டனை அமுக்குனதும் அந்தப் பயதானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“நான்தாங்க.”

அவள் நீட்டிய காபி டம்ளரை வாங்க, கட்டுப் போட்ட வலது கைதான் பழக்கத்தில் முதலில் எழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.