ஆசிரியர் அறைக்குக் கேட்கும்

என் கணவருக்கு என்மேல் ஒரு குறை உண்டு. எங்கள் கல்யாணத்தைப் பற்றி நான் பேசியதைவிட அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் என்பார். இருக்கட்டுமே. கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த அறையில் நான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

நீள மேஜை ஒன்று. அதன் மேல் சிவப்பு மை கொட்டிக் காய்ந்த திட்டுகள். சுவரை ஒட்டி ஆளுக்கொரு இரும்பு அலமாரி, ஆளுக்கொரு பூட்டு. விளையாட்டு மைதானத்தைப் பார்த்த ஒரே ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொள்ள அடிபிடி. சாக்பீஸ் தூளும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாசனை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும், ஆரஞ்சு உரிக்கும்போது எனக்கு மூன்றாம் பீரியட் மணி அடிப்பதுபோல் இருக்கிறது. மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஆனால் நான் முதலில் சேர்ந்தபோது அந்த அறையில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காரணம் பெட்டி. ஒவ்வொரு வகுப்பிலும், ஆசிரியர் அறையிலும், கதவுக்கு மேலே துணி வலை போட்ட ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. தலைமையாசிரியர் தன் அறையிலிருந்து அதன் வழியாகப் பேசலாம். அதே கம்பி வழியாக நாங்கள் பேசுவதைக் கேட்கவும் செய்யலாம். எந்த நேரத்தில் எந்த வகுப்பின் சுவிட்சைப் போட்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் நடத்தியதைவிடப் பெட்டியைப் பார்த்து நடத்தியதுதான் அதிகம். திடீரென்று அது கரகரக்கும். "கணக்கு டீச்சர் என் அறைக்கு வரவும்." முழுப் பள்ளிக்கூடமும் கேட்கும். நாற்பது பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். கோபத்தில் எனக்குக் காது மடல் சிவந்துவிடும்.

பெட்டிக்கு எட்டாததை எடுத்துச் சொல்ல ஓவிய மாஸ்டர் இருந்தார். தந்தி மாஸ்டர் என்றுதான் நாங்கள் சொல்வோம். இங்கே தும்மினால் அங்கே சேதி போய்விடும். யார் ஐந்து நிமிஷம் முன்னதாக வகுப்பை விட்டது, யார் யாரோடு டீ குடித்தது, எல்லாம் அவர் மூலமாகவே போகும். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். அடுத்தவரைக் காட்டிக் கொடுத்தால் தன் தலை தப்பும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போன பிறகு ஒரு அம்மாள் வந்தார். புவியியல் பாடக்காரர். குள்ளம், பருத்தி உடை, தோளில் பெரிய துணிப்பை. பார்த்தால் சந்தைக்கு வந்தவர் மாதிரி இருப்பார். இவர் என்ன கிழிக்கப் போகிறார் என்று நான்தான் முதலில் சொன்னேன். பெட்டி இருப்பதால் மெதுவாகச் சொன்னேன்.

வந்த வாரமே ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். வகுப்புகளை ஒட்டுக்கேட்கும் கம்பிகளையெல்லாம் பிடுங்கச் சொன்னார். ஒரே ஒரு கம்பியை மட்டும் திருப்பிப் போடச் சொன்னார். இனி ஆசிரியர் அறையில் பேசுவது அவருக்குக் கேட்காது. அவர் அறையில் பேசுவது எங்கள் பெட்டியில் கேட்கும். அவர் மேஜைமேல் ஒரு சுவிட்ச்.

எங்களை உட்கார வைத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். உங்களில் ஒருவரைப் பற்றி யார் வந்து பேசினாலும், பெற்றோராக இருந்தாலும் உங்களில் இன்னொருவராக இருந்தாலும், சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் கேட்பேன். போட்டிருக்கிறேன் என்று அவர்களிடமும் சொல்லிவிடுவேன். பிள்ளைகளின் வீட்டுக் கஷ்டம், உடம்பு சரியில்லாதது, இதற்கெல்லாம் சுவிட்ச் கிடையாது. உங்களைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான்.

நாங்கள் நம்பவில்லை. இதுவும் ஒரு வலை என்று நினைத்தோம்.

மறுநாள் காலை தந்தி மாஸ்டர் வழக்கம்போலக் கிளம்பினார். அன்றைய சேதி நான்தான் என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் கடைசி பீரியடை நான் சீக்கிரம் விட்டிருந்தேன். பெட்டியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாளின் குரல், "சொல்லுங்க சார். ஆசிரியர் அறைக்குக் கேக்கும்." அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் மாஸ்டர், "சாக்பீஸ் தீர்ந்துபோச்சு மேடம்" என்றார். எங்கள் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அறையில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க அவர் போய்ச் சாக்பீஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். பழக்கம் லேசில் விடுமா? அலமாரி நிறையச் சாக்பீஸ் சேர்ந்துவிட்டது.

உடனே சொர்க்கமாகிவிடவில்லை. முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்ததெல்லாம் இப்போது வாய் வழியாக வர ஆரம்பித்தது. விளையாட்டு சாரும் அறிவியல் டீச்சரும் மைதானச் சாவிக்காக ஒரு மாசம் நேருக்கு நேர் கத்திக்கொண்டார்கள். எனக்கும் பாதிப் பேரோடு சண்டை. ஆனால் முகத்துக்கு நேராகப் போடுகிற சண்டை சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்பதை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டோம். அந்த அம்மாளும் டீ வேளையில் எங்கள் நடுவில் வந்து உட்காருவார். "என்னைப் பத்தி என்ன இருக்கு, சொல்லுங்க" என்பார். ஒரு நாள் விளையாட்டு சார், காலைக் கூட்டத்தில் நீங்கள் பேசுவது ரொம்ப நீளம், பிள்ளைகள் வெயிலில் வாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மாள் சொன்னது நாலே வாக்கியம்.

என்னிடமும் அவர் ஒரு குறை சொன்னார், ஒன்றுக்கு இரண்டு தடவை. கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையை நான் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறேனாம். செய்தேன்தான். மூளையைக் கொஞ்சம் சீண்டினால்தான் வேலை செய்யும் என்பது என் கட்சி. அந்த வாதம் எங்களுக்குள் முடியவே இல்லை.

பிள்ளைகள் எங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வகுப்பில் ஒருவன் மற்றவனைப் பற்றி முறையிட வந்தால், அந்த மற்றவனையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வருவான். இரண்டு பேரும் என் மேஜைக்கு முன்னால் நின்று நியாயம் பேசுவார்கள். அந்த வருஷங்களில் பள்ளிக்குப் போகக் காலையில் எனக்குக் கால் தானாக நடந்தது. அதற்கு முன்னால் காலை இழுத்துக்கொண்டு போனவள் நான்.

இப்படி இருக்கும்போதுதான் நிர்வாகக் குழுத் தலைவரின் தம்பி மகள் என் பாடத்தில் தேறவில்லை. பள்ளிக்கூடமே அவர் குடும்பத்துடையது. கணக்கு டீச்சரை வேலையைவிட்டு எடுக்கத் தலைவர் நேரில் வருகிறார் என்று காலையிலேயே அலுவலகத்தில் பேச்சு. என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. மாமனாரும் மாமியாரும் எங்களோடு. என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. விடைத்தாளைத் திரும்ப ஒரு தடவை திருத்திப் பார்த்தேன். அவள் தேறவில்லைதான். யார் திருத்தினாலும் தேறமாட்டாள்.

மதியம் தலைவரின் கார் வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் பெட்டியின் கீழே கூடினோம். நாற்காலி இழுபட்டது. "ஆசிரியர் அறைக்குக் கேக்கும் சார்" என்றார் அந்த அம்மாள். "என்னது?" என்றார் தலைவர். அந்த அம்மாள் விளக்கிச் சொன்னார். அடுத்தபடி பெட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

சுவிட்சை அணைத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அறிவியல் டீச்சர், "பெரிய இடம்னா இவங்களும் இப்படித்தானா" என்றார். தந்தி மாஸ்டருக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டே, "கதவைச் சாத்திட்டா முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம்" என்றார். அலமாரியைத் திறந்து என் காம்பஸ், குடை, டிபன் டப்பா எல்லாவற்றையும் பைக்குள் போட ஆரம்பித்தேன். வேலை போவதைவிட, இத்தனை நாள் ஏமாந்தோமே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கார் போன சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் அறுந்த கம்பி.

"தலைவரே பிடுங்கிட்டார்" என்றார். "அதனால நானே வந்து சொல்றேன். உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். தலைவர் மார்க்கை மாற்றச் சொன்னாராம், இவர் முடியாது என்றாராம். கணக்கு டீச்சர் பிள்ளைகளைக் கேலி செய்கிறார் என்று தலைவர் சொன்னாராம். "அது உண்மைதான், நானே அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்னு சொன்னேன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்கு அந்த நிலையிலும் சுருக்கென்று கோபம் வந்தது. இதையும் அந்த ஆளிடம் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

"கடைசியா, ஒண்ணு அவங்க போகணும், இல்ல நீங்க போகணும்னார். இந்த வருஷ முடிவுல நான் போறேன்னு சொல்லிட்டேன்."

பையை மேஜைமேல் போட்டேன். என்னால் தாங்க முடியவில்லை. "யாரு உங்களைக் கேட்டா?" என்று கத்தினேன். "எனக்காக யாரும் தியாகம் பண்ண வேண்டாம். நான் வேற எடம் பாத்துக்குவேன்."

அவர் கம்பியைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். "உங்களுக்காக இல்ல டீச்சர். இன்னைக்கு நீங்க போனா, நாளைக்கு இங்க எல்லாரும் மறுபடி வாயை மூடிக்குவாங்க. நான் போனா மூட மாட்டாங்க. அப்படித்தான் நினைக்கிறேன். பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு உத்தரவாதமும் இல்லாமல் ஒருவர் தன் வேலையை விடுவாரா? வருஷம் முடிய இருந்த மாசங்களில் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. கடைசி நாளில் டீ குடித்துவிட்டுத் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானம் வழியாக நடந்து போனார். ஜன்னலுக்கு அன்று அடிபிடி இல்லை. எல்லாரும் அங்கேதான் நின்றோம்.

விடுமுறையில் தலைவர் பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டார். பள்ளி திறந்தபோது கதவுக்கு மேலே வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. புதிய தலைமையாசிரியர் வந்திருந்தார். தலைவர் தேடிப் பிடித்த ஆள். பேச்சு இனிமை, சிரித்த முகம். முதல் நாளே எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார், அறிமுகத்துக்காம்.

தந்தி மாஸ்டருக்கு அடுத்தது நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. பாடம், வீடு, பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டுப் புதியவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கணக்கு டீச்சர் எப்படி? நமக்குள்ள இருக்கட்டும், சும்மா சொல்லுங்க."

தலைவருக்கு என்னை வெளியே தள்ள ஒரு சாக்குதான் வேண்டும். மாஸ்டரிடம் இருபது சாக்கு இருந்தது. நான் நாற்காலிக்காகச் சண்டை போட்டது, தலைவரை என்னென்ன சொல்லித் திட்டினேன், எல்லாம் அவர் முன்னால் நடந்தவைதான். பெட்டி இல்லை, சுவிட்ச் இல்லை, அவர் பக்கத்தில் யாருமே இல்லை. அவருக்கும் ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருந்தன.

சாக்பீஸ் கேட்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"சொல்றதுக்கு நிறைய இருக்கு சார்" என்றார் மாஸ்டர். "ஆனா அவங்க இல்லாதப்ப நாங்க சொல்றதில்ல. வெளியிலதான் உக்காந்திருக்காங்க. கூப்பிடறேன், வெச்சுக்கிட்டே சொல்றேன்."

அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "உள்ள வாங்க டீச்சர்" என்றார்.

போனேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு வாய்த் துடுக்கு ரொம்ப அதிகம் என்றார், பிள்ளைகளைக் கேலி செய்வதை நான் விடவேண்டும் என்றார், என்னைப்போல் கணக்கு சொல்லித்தர இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது என்றார். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். புதியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இதைக் கேட்க அந்த அம்மாள் இங்கே இல்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் புதிய மனிதர் முன்னாலேயே அழுதேன்.