சூடானால் நிற்கும் கார்

மெக்கானிக்குக்கு ஒரு கொள்கை உண்டு. மாலையில் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், ராத்திரி முழுக்க ஆறட்டும், காலையில் பார்க்கிறேன் என்பார். ஓடி வந்த எஞ்சினில் எதைத் தொட்டாலும் கை சுடும், கணக்கும் தப்பும் என்பது அவர் வாதம். முப்பது வருஷத் தொழில், அதற்குத் தக்க தலைக்கனம். அவரிடம் போய் எவன் மாற்றிச் சொல்வது?

தன் சொந்த அக்காவின் காரையும் அப்படித்தான் பார்த்தார். ஒருமுறையல்ல, மூன்று முறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, பிறகு கிளம்ப மாட்டேன் என்கிறது, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது என்று அவள் புலம்புவாள். காலையில் இவர் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். "வண்டி கல்லு மாதிரி இருக்கு. உனக்குத்தான்க்கா ஓட்டத் தெரியல" என்று சிரித்தபடியே அனுப்பிவைத்தார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், அக்காவும் அத்தானும் வெளியே போய்த் திரும்பும் வழியில் அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. அக்கா ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினாள். மேம்பாலத்தின் மேல் அது நின்றது. நெரிசலைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி ஏன் நின்றது என்று சாவு வீட்டில் அக்கா மகன் கேட்டபோது இவர் வாய் சும்மா இருந்ததா? "வண்டில ஒரு குறையும் இல்லப்பா. அம்மா பதறிப்போயிருப்பா" என்றார். அன்றோடு மகன் தாயிடம் பேசுவதை விட்டான். வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியவன் அவள் போனை எடுப்பதே இல்லை.

அந்த அக்காதான் இன்று ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"அவர் போனது என்னாலயா, வண்டியாலயான்னு எனக்குத் தெரியணும். இந்தத் தடவை ஆற வச்சுப் பாக்காத. நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு."

எஞ்சின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி அவர் மடியில் வைத்துக்கொண்டார். கொளுத்தும் வெயிலில், நெரிசலில், ஒரு மணி நேரம் ஓட்டினாள். கியர் மாற்றுவதில் ஒரு பிசகு இல்லை. இத்தனை வருஷத்தில் இவள் ஓட்டி ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் கார் நின்றது. சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு வேகம் பூஜ்யம் என்று ஸ்கேனர் காட்டியது. எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு, கட்டைவிரல் அளவு இருந்தால் அதிகம். அது சொன்னால்தான் பெட்ரோலும் வரும், தீப்பொறியும் வரும். பானெட்டைத் திறந்து, பாட்டில் தண்ணீரை அதன்மேல் மட்டும் மெல்ல விட்டார்.

"இப்பத் திருப்புக்கா."

திருப்பினாள். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

சூடானால் சென்சார் செத்துவிடுகிறது, ஆறினால் உயிர் வந்துவிடுகிறது. அவரோ மூன்று முறையும் ஆறவைத்தே பார்த்திருக்கிறார்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லக்கா." நடுரோட்டில் நின்று அந்தப் பெரிய மனுஷன் அழுதார். "சூட்டோட ஒரே ஒரு தடவை பாத்திருந்தா போதும். அத்தான நான்தான்க்கா கொன்னுட்டேன்."

அக்கா அழவில்லை, திட்டவுமில்லை. எஞ்சினை அணைத்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவன்கிட்ட சொல்லு. உன் போன்ல இருந்து கூப்பிடு. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான். ஸ்பீக்கர்ல போடு."

அவர் காருக்குள் உட்கார்ந்து நம்பரைத் தேடினார். மாமா சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு. அதனால்தானே பெற்றவளை விட்டுவிட்டு இவர் பேச்சை நம்பினான்? இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மாமா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, உங்கம்மா பக்கத்துலதான் இருக்கா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் போன வச்சுடாத."