பயம் போன பிறகு

2006 ஆவணி, தீபாவளி ஆர்டர்கள் நெருக்கும் மாதம். மருத்துவ உளவியல் படித்த சித்திகா சிவகாசியில் தன் ஆலோசனை அறையில், சுகிர்தாவின் முன்னால் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். தான் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை தீப்பிடித்து, பக்கத்தில் நின்றவள் கருகியதைப் பார்த்ததிலிருந்து சுகிர்தா வீட்டில் அடுப்புகூடப் பற்றவைத்ததில்லை.

அவளை அழைத்துவந்த கணவன் தங்கச்சாமி வாசலிலேயே நின்றான்.

"பாய் வீட்டுப் புள்ள, படிச்ச டாக்டரம்மான்னு நம்பி வாரோம். ஒத்தக் குச்சி கிழிக்க எம்புட்டு நாளாகும்? சீசன் முடியுமுன்ன இவள கம்பெனிக்கு அனுப்பணும்ல."

"கொஞ்சம் வெளிய இருங்கண்ணே," என்று சித்திகா கதவைச் சாத்தினாள்.

பேசியே குணமாக்கினேன் என்று காட்ட ஒரு ஆளாவது உண்டா என்று விருதுநகரில் அவளைப் பெற்ற அத்தா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று இவள் கிழித்துவிட்டால், உண்டு என்று சொல்லிவிடலாம்.

சுகிர்தா குச்சியை உரசினாள். அது எரிந்து முடியும்வரை கீழே போடவில்லை.

சித்திகாவின் முகம் மலர்ந்தது. சுகிர்தா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பயம் போயிருச்சுன்னு சொன்னீகன்னா, திரும்ப அதே மருந்து ரூமுக்குத்தான் அனுப்புவாக. அவுகட்ட என்னக்கா சொல்லப் போறீக?"