நீலம் வந்தால் கதை

'டப்!'

பின்கட்டிலிருந்து வந்த சத்தத்தில் சண்முகவடிவு தோசைக் கரண்டியோடு ஓடினாள். ஸ்பிரிட் விளக்குக்கு முன்னால் அவள் கணவர் இசக்கிமுத்து கையில் வெறும் இடுக்கியோடு நின்றார். கண்ணாடிக் குழாய் சில்லுச் சில்லாகத் தரையில் கிடந்தது.

"அசையாதீங்க! இருக்கிற புண்ணு போதாதாக்கும்?"

"மூத்திரத்தைக் காய்ச்சவா நான் மெட்ராசுக்கு வந்தேன்? எனக்கு வேண்டாம்ட்டி இந்த வேலை!"

வேலையைக் கொடுத்தவர் டாக்டர் சுவாமிநாதன். காலையில் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரில் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. இசக்கிமுத்துவின் இடது கால் பெருவிரலில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்றது. "நீலமாவே வெச்சுக்கோங்கோ, ஆறிடும். இல்லேன்னா விரலை எடுக்கறதைத் தவிர வழியில்லை" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு நீலம் லேசில் வருமா? முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் கற்கண்டுத் தட்டை நீட்டுவது அவர் கடை வழக்கம். அவர்கள் ஒன்று எடுத்தால் முதலாளியும் ஒன்று வாயில் போட வேண்டும். இல்லாவிட்டால் மனசில்லாமல் விற்கிறார் என்று பேசுவார்கள். அதுவோ ஆவணி மாதம்!

சண்முகவடிவு சில்லுகளைப் பெருக்கியபடி யோசித்தாள். தொடர்கதை வருகிற நாளில் பத்திரிகையைப் படித்து முடிக்காமல் கடைக்குக் கிளம்பாத மனிதர் இவர்.

"நான் ஒரு கதை சொல்லுதேன். நீலம் வந்தா சாயங்காலம் கதை உண்டு. வேற கலர் வந்தா கிடையாது."

"என்ன கதை?"

"காய்ச்சிப் பாருங்க, தெரியும்."

முதல் வாரம் மஞ்சள், பச்சை என்று இழுத்தது. பிறகு ஒருநாள் நீலம் வந்தது. அன்று மாலை அவர் காலை மடியில் வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டபடியே ஆரம்பித்தாள். ஊர் ஊராகப் புடவை மூட்டை சுமக்கிற வியாபாரி ஒருவன். அவனுக்கும் சீனி வியாதி. போகிற வீட்டிலெல்லாம் யாராவது இனிப்பை நீட்டுகிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கி, அந்த வீட்டுக் குழந்தையின் வாயில் போடுகிறான்.

"கெட்டிக்காரப் பயலா இருக்கானே!" என்றார் இசக்கிமுத்து. மறுநாள் கடையில் அவரும் அதையே செய்தார். குழந்தையின் தாய்க்கு ஏக சந்தோஷம். கூடுதலாக இரண்டு புடவை விற்றது.

நீலம் நீலமாக வந்தது. புண் ஓரத்தில் காயத் தொடங்கியது. கதையில் வியாபாரி படகில் ஏறினான். யாரோ பின்னாலிருந்து மூட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"யாருட்டி இழுத்தது?"

"நாளைக்கு!"

அந்த நாளையில்தான் வினை வந்தது. ஆழ்வார்பேட்டையிலிருந்து புடவை எடுக்க வந்த கல்யாணக் கூட்டத்தில் குழந்தையே இல்லை. "நீங்க வாயில போட்டாத்தான் புடவையைப் பிரிக்கச் சொல்லுவேன்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். போட்டார். இன்னொன்று போட்டார். பிறகு அவர்களோடு கலர் சோடாவும் குடித்தார். வீடு திரும்ப நள்ளிரவாகிவிட்டதால் அன்று கதை கேட்க முடியவில்லை.

மறுநாள் காலை விளக்கின் முன் நின்றவருக்குப் புண்ணைவிடப் படகுதான் ஞாபகத்தில் இருந்தது. சிறுநீருக்குப் பதில் வெறும் தண்ணீரைச் சொட்டு விட்டார். அருமையான நீலம்!

"இழுத்தது ஒரு ஆடு" என்றாள் சண்முகவடிவு மாலையில். "சரிகையைப் புல்லுன்னு நினைச்சு மென்னுக்கிட்டு நிக்குது."

இசக்கிமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

தண்ணீர் வித்தை பழகிவிட்டது. கற்கண்டும் பழகிவிட்டது. புண் மறுபடி ஈரம் கண்டது. சண்முகவடிவு எதுவும் கேட்காமல் கட்டுப்போட்டாள். ஆனால் கதையின் போக்கு மாறியது. வியாபாரி நொண்டினான். வீட்டுக்குப் போனதும், "ஆறிட்டு" என்று மனைவியிடம் சொன்னான்.

"அவ நம்பிட்டா. சந்தைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வாசல்ல வச்சிருக்கா. அதுல நுழையுததுக்கு விரல் இருக்குமோ இருக்காதோ, அவளுக்குத் தெரியாதுல்லா?"

இசக்கிமுத்து தன் கால் கட்டைக் குனிந்து பார்த்தார். "விரல் போயிருமாட்டி?"

"யாருக்கு?"

"...மூட்டைக்காரனுக்கு."

"எனக்கென்ன தெரியும்? அவன் நிஜத்தைச் சொன்னாத்தானே?"

மறுநாள் காலை இசக்கிமுத்து குழாயைப் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றார். உள்ளே செங்கல் நிறம் கொழகொழவென்று நின்றது.

"வடிவு, இதுதான் நிஜம். இத்தனை நாளும் பச்சத்தண்ணிய ஊத்தி உன்னை ஏமாத்திட்டேன். இன்னைக்குக் கதை வேண்டாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பயமா இருக்கு."

அவள் அடுப்பை அணைத்தாள். குழாயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"முதல் நாளே தெரியும், பச்சத்தண்ணி கொதிச்சா வீடு இப்படி நாறாதுல்லா? அன்னைக்கு நாத்தமே இல்லை. கதையை நிறுத்தினா நீங்க எங்கிட்ட வாயே திறக்க மாட்டீங்கன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."