நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி

இரண்டு சங்கம் சேர்ந்தால் வேலை பாதியாகும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவனை ஒருநாள் எங்கள் ஊருக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

எண்பத்து மூன்றில் நடந்தது இது. குரும்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் இளைஞர் நற்பணி மன்றத்துச் செயலாளர். மாதர் சங்கத்துக்குத் தலைவி கொளஞ்சியம்மாள். எனக்கு அத்தை முறை. பொங்கல் விளையாட்டுப் போட்டியை யார் நடத்துவது என்பதில் தொடங்கி எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. இலவசக் கண் முகாம் கேட்டு நாங்களும் திருச்சி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவர்களும் போனார்கள். "ஒரே ஊருக்கு ரெண்டு தடவை வர முடியாது, சேர்ந்து நடத்துங்க" என்று சொல்லிவிட்டார் டாக்டர். வேறு வழியில்லாமல் சேர்ந்தோம். சுற்று ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவருவது நாங்கள். சோறாக்கிப் போட்டுக் கவனித்து அனுப்புவது அவர்கள்.

எனக்கு இந்த முகாம் எங்கள் அக்கா பூங்காவனத்துக்காக. புருஷன் போன பிறகு களையெடுத்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கோரை என்று நினைத்து வெங்காயத்தைப் பிடுங்கிப் போட ஆரம்பித்ததும் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு கண்ணாவது தெரிந்தால்தான் அவளுக்குக் கஞ்சி.

காலையில் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை நடந்தது. ஆபரேஷனுக்குத் தேறியவர்களுக்கு, எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டினார் டாக்டர். அது இருந்தால்தான் திருச்சி பஸ்ஸில் இடம். அக்காவுக்கு வலது கண். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தேறியவர்களை மாதர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சக் கூட்டத்தைச் சமாளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அடக் கொடுமையே, பந்தியில் ஒரு நெற்றியிலும் பிளாஸ்திரி இல்லை! எல்லா முகத்தையும் கழுவித் துடைத்துப் பட்டை பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார்கள்.

"அத்தே, பிளாஸ்திரி எங்க?"

"பிச்சு எறிஞ்சாச்சு. பொணத்துக்குக் காசு ஒட்டுன மாதிரி நெத்தியில வெள்ளையா ஒட்டி அனுப்புவாங்களா? நல்லபடியா திரும்பி வரவேண்டியவங்கப்பா."

"கெட்டுது குடி! எந்தக் கண்ணுன்னு அதுதானே அடையாளம்!"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

இதையெல்லாம் கூடவா ஒரு மனுஷன் சொல்ல வேண்டும்?

அதற்குள் செய்தி பரவிவிட்டது. டாக்டர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர்களெல்லாம் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கூட்டத்தில் நுழைந்தார்கள். "எனக்கும் ஒட்டியிருந்துச்சுங்க" என்று ஆளாளுக்குச் சத்தியம். டாக்டருக்கு வந்ததே கோபம்! "தேறினவங்களை மட்டும் நிறுத்துங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன். எல்லாரையும் பார்க்க நேரமில்லை. முடியாதுன்னா வெறும் பஸ்தான் போகும்" என்றார்.

தேறியது யார் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? கூட்டிவந்தவன்தான் நான்; அக்காவைத் தவிர வேறு யார் நெற்றியையும் கவனித்தவன் இல்லை. வெட்கத்தை விட்டு அத்தையிடம் போனேன். "பிச்சது நீங்கதானே, ஆளத் தெரியுமா?"

"எங் கை பட்ட நெத்தி எனக்குத் தெரியாதா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நீ உள்ள போ. நீயும் போ. யோவ் அய்யாக்கண்ணு, உன் நெத்தியில எவ கை வச்சா? தள்ளிப் போய்யா!"

அவள் கழித்துவிட்டவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் மன்றத்து ஆட்கள் அவர்களைச் சமாதானம் சொல்லி, சைக்கிளில் ஏற்றி அவரவர் ஊரில் விட்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் நிஜமாகவே சேர்ந்து வேலை பார்த்தோம். அதை அவளிடம் சொன்னால் தலைகால் புரியாது என்று நான் சொல்லவில்லை.

வரிசை முடிந்தது. டாக்டர் மறுபடி ஒட்டி எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். அந்த வரிசையில் அக்கா வரவே இல்லை.

"பூங்காவனம் நெத்தியில நான் கை வைக்கலியேப்பா" என்றாள் அத்தை.

ஓடி ஓடித் தேடினேன். பந்தியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. கண் தெரியாதவள் எங்கே போய் விழுந்து கிடக்கிறாளோ. டிரைவர் ஹாரன் அடித்தார். இதை விட்டால் அடுத்த முகாம் எப்போது வருமோ, அதுவரை அவள் எதைத் தின்று பிழைப்பாள்? "நிறுத்துங்க, இன்னும் ஒருத்தர் வரணும்" என்று கத்திக்கொண்டே பஸ்ஸை நோக்கி ஓடினேன்.

"யாரடா தேடுற?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

முதல் சீட்டில் அக்கா. முந்தானையை நெற்றி மறைய இறுக்கிச் சுற்றியிருந்தாள். லேசாக விலக்கிக் காட்டினாள். பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

"நீங்களும் அவங்களும் ஒண்ணா சேந்துட்டீங்கன்னு சொன்னப்பவே எனக்குப் பயந்தான். நெத்தியத் தொடைக்கிறாங்கன்னு காதுல விழுந்துச்சு, நேரா வந்து ஏறிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. பாவி, பந்திக்குக்கூடப் போகாமல் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலேயே ஓடிவந்த அத்தை சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். அக்கா சட்டென்று பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"சோத்த மடியில வச்சிடுங்க அத்தே. கைய மட்டும் நெத்திக்கிட்ட கொண்டாராதீங்க."